சொந்த உபயோகத்துக்கு

ம்யூனிக்
8.12.92

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் மன்னியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி?

ஞாயிறு மாலை தெருவில் நின்றேன். கையில் மெழுகுவர்த்தி. ஊரே நின்றது. போன மாதம் வடக்கே ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்தினார்கள். ஒரு பெண்ணும் இரண்டு சிறுமிகளும் இறந்தார்கள். அதற்காக. மேடை இல்லை, கோஷம் இல்லை. காற்றில் என் மெழுகு அணைந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்ற தபால்காரர் தன்னுடையதிலிருந்து ஏற்றினார். இந்த ஊரால் இதுவும் முடியும் என்று நினைத்தபடி அறைக்குத் திரும்பினேன்.

ரேடியோவைத் திருப்பினேன். அயோத்தி.

அதே ஞாயிறு. நான் மெழுகுவர்த்தி வாங்கக் கிளம்பியபோதே அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

மாடியில் எப்படி இருக்கிறார்கள்? ஹானி எழுதமாட்டாள். எழுதினாலும் வேடிக்கையாகத்தான் எழுதுவாள். அவர்களுக்கு அந்த வீட்டைக் கொடுத்தபோது அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? “ஹம்சினியோட சிநேகிதியோட ஆம் அது. குடித்தனக்காரான்னு யாரும் பேசப்படாது.” அலமாரியை நீதான் ஒரு பக்கம் பிடித்து மாடி ஏற்றினாய். இன்னொரு பக்கம் ஹானியின் அப்பா மெஹபூப் அலி.

அப்பா போனபின் அந்த மாடி வீடு நம் இருவர் பெயரில் இருக்கிறது. ஆனால் ஊரில் இருப்பவன் நீ. கீழே நீ இருக்கிறாய் என்பதால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

உடனே எழுது.

அன்புடன்,
ஹம்சினி

•

அபிராமபுரம், சென்னை-18
28.12.92

அன்புள்ள ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம்.

இங்கு நானும் வைஜயந்தியும் க்ஷேமம். அங்கே பனி அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தான். காதை மூடிக்கொண்டு வெளியே போ. முதுகுக்கு இப்போது ஒரு தைலம் போடுகிறேன், பரவாயில்லை.

நீ பயப்படும்படி இங்கே ஒன்றுமில்லை. இது பம்பாய் இல்லை, மயிலாப்பூர். சீசன் நடக்கிறது. லஸ் முனையில் ஒரு போலீஸ் வேன் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் கச்சேரி முடிந்து வரும் பட்டுப்புடவைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஹபூப் அலி நாலைந்து நாள் கண்ணாடிக் கடையைத் திறக்கவில்லை. ராயப்பேட்டையில் எல்லோரும்தான் மூடினார்கள். நானே மாடிக்குப் போய், “கவலைப்படாதீங்க சார், நான் கீழதான இருக்கேன்” என்றேன். ஹானி டீ கொடுத்தாள். “நீங்க கீழ இருக்கறதாலதான் அண்ணா நாங்க மேல இருக்கோம்” என்றாள். அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே.

எட்டு வீட்டுக்கும் சேர்ந்த நம் குடியிருப்போர் சங்கத்துக்குக் கோதண்டபாணி மாமாதான் இன்னும் தலைவர். படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏண்டா ஸ்ரீநாத், மேலாத்துக்கு யார் யாரோ வந்துண்டிருக்காளே, கேட்டுண்டியா?” “அவர் தங்கை குடும்பம் மாமா, பெரியமேட்லேர்ந்து.” “கேட்டுண்டியான்னுதான் கேட்டேன். சந்தேகப்பட்டேன்னு சொல்லலையே.” அவ்வளவுதான் பேச்சு. அவர் மூக்கில் இருப்பதே மெஹபூப் அலி போட்டுக்கொடுத்த கண்ணாடி.

நான் இருக்கும்வரை அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அப்பாமேல் ஆணை என்று எழுதினால் சிரிப்பாய். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஸ்ரீநாத்

•

ம்யூனிக்
30.1.93

அன்புள்ள அண்ணா,

நலம். இருமல் கொஞ்சம். மன்னியை விசாரித்ததாகச் சொல்.

இங்கே அந்த நாஜி ஆட்சி வந்து இன்றோடு அறுபது ஆண்டு. தெருவில் ஒரு அடையாளமும் இல்லை. ரொட்டிக்கடையில் வழக்கமான கூட்டம்.

போன வாரம் ஒரு சிற்றூருக்குப் போனேன். அங்கிருந்த பாட்டுச் சங்கம் ஒன்றைப் பற்றித்தான் என் ஆய்வில் ஒரு அத்தியாயம். ஹெர் வைட்னர் என்ற கிழவர் அதில் பாடியவர். கேக் வெட்டி வைத்திருந்தார். எனக்குப் பெரிய துண்டு.

அவர்களிடம் மேல்ஸ்தாயியில் பாட ஒருவர் இருந்தார். மருந்துக்கடைக்காரர், யூதர். ஆட்சி வந்த சில மாதங்களில் சங்கத்தை விட்டுப் போய்விட்டார். சட்டம் வந்திருக்கவில்லை. உத்தரவும் வரவில்லை. யார் சொல்லி அவரை அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

“யாரும் சொல்லவில்லை, பெண்ணே. சொல்லட்டும் என்று காத்திருப்பது எங்களுக்கு மரியாதையாகப் படவில்லை.”

பிறகு: “துரத்தினோம் என்று எழுதிவிடாதே. பிரிவுபசாரம் செய்தோம். பீங்கான் தட்டு, சங்கத்தின் பெயர் போட்டது. அவர் மனைவி நன்றி சொன்னாள். ஒன்று மட்டும் உண்மை, அந்த வருடக் கிறிஸ்துமஸில் எங்கள் பாட்டு சகிக்கவில்லை.”

சிரித்தார். நானும் சிரித்தேன். கேக்கை முழுக்கச் சாப்பிட்டேன்.

நான் படிக்க வந்தது பூட்ஸ் சத்தத்தை. எனக்குக் கிடைப்பவர்களோ செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவர்கள்.

ஒப்பிடுவது சோம்பேறித்தனம் என்கிறார் என் பேராசிரியர். ஒரு ஊர் இன்னொரு ஊர் ஆகாது. சரிதான். ஆனாலும் கோதண்டபாணி மாமாவின் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். “கேட்டுண்டியா?” அதற்கு நீ பதில் சொன்னாய், அண்ணா. தங்கை குடும்பம் என்றாய். பெரியமேடு என்று இடத்தையும் சொன்னாய். “எதுக்குக் கேக்கணும்?” என்று நீ கேட்டிருக்கலாம்.

குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் பதில்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹம்சினி

•

அபிராமபுரம்
21.3.93

அன்புள்ள ஹம்சினிக்கு ஆசீர்வாதம்.

இருமலுக்கு மிளகு, பனங்கற்கண்டு பார்சல் அனுப்பியிருக்கிறாள் வைஜயந்தி. எங்களுக்கு வெயில் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி சௌக்கியம்.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டவில்லை. கோதண்டபாணி மாமாவை அந்த ஊர்க்காரர்களோடு ஒரே காகிதத்தில் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் பெஞ்சில் படுத்தவர் அவர். கேக் சாப்பிட்டுக்கொண்டு எல்லோரையும் எடைபோடுவது சுலபம்.

இங்கே அரசியலைவிடத் தண்ணீர்தான் பெரிய பாடு. லாரி வரும் நாளில் சண்டை. ஒழுங்குக்காகக் கீழ்வீடுகள் முதலில், மாடி பிறகு என்று வைத்திருக்கிறோம். மாடியில் மற்ற மூன்று வீட்டாரும் கீழே தெரிந்தவர்கள் வரிசையில் நுழைந்துவிடுகிறார்கள். ஹானி வீடு கடைசியாகிவிடுகிறது. நம் வீட்டில் வேலை செய்யும் பாஞ்சாலி நேற்று எல்லார் முன்னாலும் கத்தினாள்: “இன்னா சார் இது, கடசீ கொடத்துல தண்ணியா கீது? சேறுதான் கீது. அந்தப் பொண்ணு சேத்துலயா டீ போடும்?” எல்லோரும் சிரித்துவிட்டோம். ஹானியும்தான்.

சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேறு யாரும் முன்வரவில்லை. மெஹபூப் அலி கூட்டத்துக்கு வரவில்லை. பம்பாயில் குண்டு வெடித்ததற்குப் பிறகு அவரே ஒதுங்கிக்கொண்டார். நல்ல மனுஷர். சொல்லாமலே புரிந்துகொள்கிறார். அன்றைக்கு மாடிக்குப் போய்ச் சும்மா பேசிவிட்டு வந்தேன்.

நீ எப்போது திரும்புகிறாய்? அடுத்த பொங்கலுக்குள் வந்துவிடுவாய் இல்லையா? உறுதியாகச் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் சொல்வதற்கு.

ஸ்ரீநாத்

•

ம்யூனிக்
18.4.93

ஹானி,

நலம்தானே? உங்கள் அப்பாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது?

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் தபாலில் தொலைந்தன என்று வைத்துக்கொள்கிறேன். இதுவும் தொலைந்தால் இரண்டு நாட்டுத் தபால்துறையும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்கிறது.

நீ பாடம் எடுக்கும் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிய தாவரவியல் பதில் ஒன்று அனுப்பு. “வேர் என்பது மரத்தின் கால்” போல. இங்கே யாரும் என்னைச் சிரிக்கவைப்பதில்லை.

பொங்கலுக்கு வரமாட்டேன். ஆய்வு இன்னும் இரண்டு வருடம் இழுக்கும். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கோபமா? எதற்கென்று தெரிந்தால் பாதி மன்னிப்பை இப்போதே கேட்டுவிடுவேன்.

உன் ஹம்ஸி

•

அபிராமபுரம்
11.7.93

அன்புள்ள ஹம்சினிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதங்களுக்கு உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். வைஜயந்திக்கு டைபாய்டு வந்து எழுந்திருக்கிறாள். கஞ்சிதான் ஆகாரம். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

விஷயம் ஒன்று. மாடியில் இருந்தவர்கள் மே மாதம் காலி செய்துவிட்டார்கள். அவர்களாகவே. கடைக்குப் பக்கத்தில் இருந்தால் மெஹபூப் அலிக்கும் அலைச்சல் இல்லை பார். மனஸ்தாபம் எதுவும் கிடையாது. சங்கத்தின் சார்பில் மொட்டைமாடியில் சின்னதாக ஒரு உபசாரம் வைத்தோம். கேசரி, பஜ்ஜி, காபி. ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, சங்கத்தின் பெயரும் ‘அன்பளிப்பு’ என்றும் எழுதிக் கொடுத்தோம். கொடுக்கும்போது கோதண்டபாணி மாமாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மெஹபூப் அலி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டார். ஹானிதான் சாமான் ஆட்டோவில் முன்னாலேயே போய்விட்டாள்.

இப்போது மாடியில் ஒரு பாங்க் ஆபீசர், மனைவி, கும்பகோணத்துப் பக்கம். சங்கத்திலேயே பார்த்துக் கொடுத்தார்கள். உன்னைக் கேட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்; தபால் போய் வருவதற்குள் வீடு பூட்டிக்கிடக்குமே என்று பார்த்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஸ்ரீநாத்

•

ம்யூனிக்
24.7.93

ஹானி,

உங்கள் அப்பாவின் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டு முகவரி என்னிடம் இல்லை. இந்த வாக்கியத்தை எழுத எனக்கு நேரமாயிற்று.

நீங்களாகவே போனீர்கள் என்று அண்ணா எழுதியிருக்கிறான். கடிகாரம் கொடுத்தார்களாமே. அந்த வரி வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். இங்கே ஒரு கிழவர், தாங்கள் அனுப்பிவைத்த ஒரு மனிதருக்குப் பீங்கான் தட்டு கொடுத்ததாகச் சொன்னார். அதைக் கொடுத்ததால்தான் கிழவருக்கு இன்றுவரை நன்றாகத் தூக்கம் வருகிறது.

தாங்களாகவே போகிறவர்களுக்கு நம் கட்டடத்தில் யாரும் கடிகாரம் கொடுத்ததில்லை.

என்ன நடந்தது? ஒரு வரி போதும்.

ஹம்ஸி

•

ராயப்பேட்டை, சென்னை-14
16.8.93

அன்புள்ள ஹம்சினிக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். இப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும்.

என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாய். நீ வீட்டைக் கேட்டாய், கொடுத்துவிட்டோம். இதில் எழுத என்ன இருக்கிறது?

மார்ச்சில் உன் அண்ணன் மேலே வந்தார். டீ வேண்டாம் என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, “சார், ஹம்சினி வர்றா. வீடு தேவைப்படுது. சொந்த உபயோகத்துக்கு” என்றார். அப்பா எழுந்துவிட்டார். “நம்ம ஹம்ஸியா? கல்யாணம் நிச்சயமாயிடுச்சா தம்பி?” “அப்படித்தான் வெச்சுக்கங்களேன்.” “மாஷா அல்லா! அதுக்கு ஏன் இப்டி இழுத்துக்கினு இருக்கீங்க? பொண்ணு வர்ற வூட்ல நாங்க உக்காந்துக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?” உனக்கென்று ஒரு ஃப்ரேமைக்கூட எடுத்து வைத்தார்.

உன் கடிதங்கள் வந்தன. எதிலும் கல்யாணம் இல்லை, வீடும் இல்லை. என்னிடம் நேராகச் சொல்லக் கூச்சமாக்கும் என்று நினைத்தேன். ஏப்ரலில், பொங்கலுக்கு வரமாட்டேன் என்றும் எழுதினாய். அதற்குள் அப்பா வார்த்தை கொடுத்துவிட்டார். வராதவளுக்கு எதற்கு வீடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு வீடு தேடினோம். தி.நகரில் ஒரு மாமி குழாயெல்லாம் திறந்து காட்டினார். மாடியில் வடகம் காயவைக்கலாம் என்றார். கடைசியில் “உம் பேரென்னம்மா?” என்றார். சொன்னேன். “அடடா, மறந்தே போச்சு பாரு, எங்க பொண்ணு அமெரிக்காலேர்ந்து வரா.” அசோக் நகரிலும் ஒரு பெண் வருகிறாள். அடையாறில் பையன். எல்லா வீட்டுக்கும் யாரோ வந்துகொண்டே இருக்கிறார்கள், ஹம்ஸி. மீனம்பாக்கத்தில் இறங்க இடமே இருக்காது போல.

மூன்றாவது வீட்டில்தான் எனக்கு உன் வீடு புரிந்தது.

ஜூலையில் பஸ்ஸில் அந்தப் பக்கம் வந்தேன். உன் பால்கனியில் யாருடைய வேட்டியோ காய்ந்தது.

வீடு வசதியாக இருக்கிறதா?

உம்மே ஹானி

•

ம்யூனிக்
27.8.93

ஸ்ரீநாத்துக்கு,

நலம் விசாரிக்கவில்லை.

என் பெயரை எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருக்கிறாய். நான் இங்கே நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது அங்கே ஒரு வீட்டைக் காலி செய்திருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

ஒன்றை வெகுநாளாகத் தேடினேன். அந்த மருந்துக்கடைக்காரரின் கதவைத் தட்டியவன் முதலில் என்ன சொல்லியிருப்பான்? எந்தக் காகிதத்திலும் அது இல்லை. கிழவருக்கும் மறந்துவிட்டது. இப்போது கிடைத்துவிட்டது. நம் வீட்டிலிருந்தே.

உன்னிடம் யார் கேட்டார்கள்? கோதண்டபாணி மாமா வாயைத் திறந்து “அவாளைக் காலி பண்ணச் சொல்லு” என்றாரா? ஆமாம் என்றால் எழுது. இல்லை என்றாலும் எழுது.

ராயப்பேட்டைக்குப் போ. ஹானியின் அப்பா முன்னால் நின்று, ஹம்சினி கேட்கவில்லை, நான்தான் என்று சொல். பிறகு பாங்க்காரரை அனுப்பிவிட்டு அவர்களைத் திரும்பக் கூப்பிடு. அந்த வீட்டில் பாதி என்னுடையது. ஹானிக்கும் இதையே எழுதுகிறேன்.

அப்பாமேல் ஆணை என்று எழுதியிருந்தாய். நான் சிரிக்கவில்லை அன்றைக்கு. நம்பினேன்.

ஹம்சினி

•

அபிராமபுரம்
19.9.93

அன்புள்ள ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம்.

இங்கு க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும். வைஜயந்தி முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம். உனக்குத்தான் முதலில் தெரிவிக்க நினைத்தேன். உன் கடிதத்தைப் பார்த்தபின் கை வரவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். மாமா வாயைத் திறந்து அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி விட்டுவிடக் கூடாது என்றுதான் நானே போனேன். கூட்டத்தில் எட்டு வீட்டார் முன்னால் பெயர் சொல்லிப் பேச்சு எழுந்திருந்தால் அவர்களுக்குத்தானே அவமானம்? நான் செயலாளர். நான்தான் எழுந்து பதில் சொல்ல வேண்டும். என்னால் முடிந்திருக்காது. என் பலம் எனக்குத் தெரியும்.

உன் பெயரைச் சொன்னதற்குக் காரணம், அவர்களுக்கு உன்மேல் இருக்கும் பிரியம்தான். வேறு என்ன சொல்லியிருந்தாலும் அவர் மனசு உடைந்திருக்கும். நீ வருகிறாய் என்றதும் மெஹபூப் அலி முகம் மலர்ந்தது, ஹம்சினி. நானே பார்த்தேன். அதைவிட நல்லபடியாக அந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியாது.

போன மாதம் சேத்துப்பட்டிலேயே குண்டு வெடித்தது. அவர்கள் இன்னும் மாடியில் இருந்திருந்தால் இந்தக் கட்டடத்தில் அவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். நீ அங்கே மெழுகுவர்த்தி பிடித்துவிட்டு அறைக்குப் போய்விடலாம். நான் இதே படிக்கட்டில் தினமும் இவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

ராயப்பேட்டைக்குப் போகிறேன். நவராத்திரி ஆகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்ரீநாத்

•

ராயப்பேட்டை
10.11.93

அன்புள்ள ஹம்ஸி,

இங்கே நலம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. உனக்குக் குளிர் தொடங்கியிருக்கும்.

நீ கேட்கவில்லை என்று எழுதிய கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இப்போது சொன்னதாகவே நம்புகிறார். நம்பட்டும்.

உன் அண்ணன் வருவார் என்று எழுதியிருந்தாய். அதனால் அப்பா சில நாள் மதியம்கூடக் கடையை மூடாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது மூடுகிறார்.

திரும்பி வா என்கிறாய். பாதி வீடு உன்னுடையது என்கிறாய். உன் பாதியில் எது வரும்? சமையலறையா, கூடமா? மாடிப்படி யாருடைய பாதி? எனக்கு அதைச் சொல். வீட்டுக்குள் எங்களுக்கு என்றைக்கும் கஷ்டம் இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பால்கனியில் அந்த வேட்டியைப் பார்த்த அன்று, உன் அண்ணன் பொய் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ சொல்லிக்கொடுத்துத்தான் அவர் சொன்னார் என்று தோன்றியது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். உன் டிபன் பாக்ஸில் எந்தப் பக்கம் ஊறுகாய் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு ஒரு நிறுத்தம்கூட ஆகவில்லை. பஸ் திரும்புவதற்குள் நினைத்து முடித்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. பாரம் ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. இனிமேல் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று.

உன் அண்ணன் எங்களை வீட்டிலிருந்து அனுப்பினார். உன்னை எனக்குள்ளிருந்து அனுப்பியது நான். அதை அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது உண்மை தெரிந்துவிட்டது. உன்மேல் தப்பில்லை. காலையிலிருந்து இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருக்கிறேன், பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லித்தருவது போல.

எங்கள் புது வீட்டு முகவரி கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தேன். கதவு எண் எழுதினேன். தெருப்பெயருக்கு வந்ததும் அடித்துவிட்டேன். நீ யாரிடமும் கொடுக்கமாட்டாய், தெரியும். தெரிந்தும் கை எழுதவில்லை.

கடைக்கே எழுது. அப்பா கொண்டுவந்து தருவார்.

உம்மே ஹானி